பீட்டெயின்: உறைபனிக்கும் ஹோமோசிஸ்டீனுக்கும் ஒரே மருந்தா?

ஊட்டி பக்கம் உருளைக்கிழங்கும் பீட்ரூட்டும் போடும் நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். உறைபனிக்கு முன்னால் பீட்டெயின் அடித்துவிட்டால் பாசனத்தில் போடும் நீர்போக உருளை கருகாது என்கிறார் பூச்சிமருந்துக் கடைக்காரர். இரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலம் கூடியிருக்கும் அம்மாவுக்கு அதே பெயரில் ஒரு பொடியைக் கொடுக்கச் சொல்கிறார் உறவினர். வீட்டு ஷாம்பூ பாட்டிலிலும் அந்தப் பெயர் இருக்கிறது. பீட்ரூட்டில் இருப்பதுதான் என்றால் வீட்டுப் பீட்ரூட்டே போதாதா என்பது கடைசிக் கேள்வி. நாலு கேள்விக்கும் அடியில் ஒரே சந்தேகம்தான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது: ஒரு பொருள் உண்மையிலேயே இத்தனை வேலை செய்யுமா, இல்லை விற்பதற்காக அடுக்குகிறார்களா?

நான் உயிர்வேதியியல் படித்து அதையே கல்லூரியில் நடத்தியவன். ஆய்வகத்தில் புரதங்களோடும் டிஎன்ஏவோடும் வேலை செய்தபோது பீட்டெயினைக் கையால் நிறுத்துப் போட்டுப் பழக்கம். கோத்தகிரிப் பக்கம் குடும்பத் தோட்டம் இருப்பதால் உறைபனி ஒரே ராத்திரியில் என்ன செய்யும் என்பதும் தெரியும். ஆனால் மருத்துவன் அல்ல. அம்மாவைப் பற்றிய பகுதியில் வேதியியலும் வெளியான ஆய்வுகளும் சொல்வதை மட்டும் சொல்கிறேன். மருந்தளவை முடிவு செய்வது அவரைப் பார்க்கும் மருத்துவரின் வேலை.

முதலில் பொருள் என்ன என்று பார்த்துவிடுவோம். அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியது கிளைசீன். அதன் நைட்ரஜனில் மூன்று மெத்தில் தொகுதிகள் (ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்த சிறு துண்டுகள்) ஏறினால் டிரைமெத்தில்கிளைசீன். பீட்டெயின் என்பது இதுதான். 1860களில் கார்ல் ஷைப்ளர் என்ற ஜெர்மன் வேதியியலாளர் சர்க்கரைப் பீட்டின் சாற்றிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். இன்றும் பீட் சர்க்கரை ஆலைகளில் மிஞ்சும் மொலாசஸிலிருந்து எடுக்கிறார்கள்; டிரைமெத்திலமீனையும் குளோரோஅசிட்டிக் அமிலத்தையும் சேர்த்துத் தொழிற்சாலையிலும் செய்கிறார்கள். இரண்டு வழியில் வந்தாலும் மூலக்கூறு ஒன்றேதான். ஆகவே ‘இயற்கை பீட்டெயின்’ என்று போட்டுக் கூடுதல் விலை கேட்டால் தரவேண்டியதில்லை. நைட்ரஜன் இருக்கும் முனையில் நேர் மின்சுமை, எதிர்முனையில் எதிர் மின்சுமை, மொத்தத்தில் பூஜ்யம். அதனால் இது தண்ணீரில் தாராளமாகக் கரையும், ஆனாலும் செல்லுக்குள் உப்பு செய்கிற தொந்தரவைச் செய்யாது. நறுக்கும்போது கையில் ஒட்டும் பீட்ரூட் சிவப்பு பீட்டானின் என்ற வேறு பொருள். பீட்டெயினுக்கு நிறமே கிடையாது.

இந்த மூலக்கூறுக்கு உயிர்களிடத்தில் இரண்டு வேலைகள். இரண்டையும் பிரித்து வைத்துக்கொண்டால் யார் எதைச் சொன்னாலும் எடைபோட முடியும். முதல் வேலையில் மூலக்கூறு அப்படியே முழுதாக இருக்கிறது; செல்லுக்குள் சேர்ந்து தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. இரண்டாவது வேலையில் தன் மெத்தில் தொகுதி ஒன்றைக் கொடுத்துவிட்டுத் தானே வேறு பொருளாகிவிடுகிறது.

முதல் வேலைக்கு நம்மூர் உதாரணமே இருக்கிறது. பிச்சாவரத்தில் உப்புத் தண்ணீரில் நிற்கும் வெண்கண்டல் மரம் வெளியில் இருக்கும் உப்புக்கு ஈடுகட்டச் செல்லுக்குள் எதையாவது சேர்த்தாக வேண்டும். இல்லாவிட்டால் உள்ளிருக்கும் தண்ணீரை வெளி உப்பு இழுத்துவிடும். உப்பையே சேர்த்தால் நொதிகள் கெடும். அது சேர்ப்பது பீட்டெயினை. உமரிச் செடியும், பாலக்கும், பீட்ரூட்டும், தண்டுக்கீரை இனங்களும் இதே வழிதான். கோலின் என்ற பொருளிலிருந்து இரண்டு நொதிகளின் உதவியால் இவை பசுங்கணிகத்துக்குள் பீட்டெயினைச் செய்துகொள்கின்றன. புரதங்களை இது காக்கும் விதம் எனக்கு எப்போதும் வியப்பு தருவது. புரதத்தின் மேல் இது ஒட்டுவதில்லை. ஒட்டாமல் விலகியே நிற்கிறது. விலகி நிற்பதால் புரதத்தைச் சுற்றித் தண்ணீர் மட்டுமே இருக்கிறது. மடிப்பு கலைந்து விரிந்துவிட்டால் வெளியே தெரியும் பரப்பு கூடும், அதற்குக் கூடுதல் ஆற்றல் வேண்டும். அதனால் புரதம் மடிந்த நிலையிலேயே இருப்பது லாபம். அரக்காவா, டிமாஷெஃப் இருவரும் 1980களில் அளந்து காட்டிய விஷயம் இது.

நம் உடம்பிலும் இந்த வேலை நடக்கிறது. சிறுநீரகத்தின் உட்பகுதியில் உப்பும் யூரியாவும் அடர்த்தியாக இருக்கும். அங்குள்ள செல்கள் தனியாக ஒரு கடத்திப் புரதத்தை வைத்துக்கொண்டு இரத்தத்திலிருந்து பீட்டெயினை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. குளிர்சாதனப் பெட்டியிலும் வளரக்கூடிய லிஸ்டீரியா என்ற பாக்டீரியா உணவில் உள்ள பீட்டெயினை இழுத்துக்கொண்டு குளிரைத் தாங்குகிறது என்பது 1994 முதல் தெரியும். ஆகக் குளிருக்கும் பீட்டெயினுக்கும் தொடர்பு உண்டு என்பதில் சந்தேகம் இல்லை. கடைக்காரர் காற்றிலிருந்து எடுத்துப் பேசவில்லை.

ஆனால் அங்கிருந்து உங்கள் உருளைக்கிழங்குப் பாத்திக்கு வரும் வழியில் நாலு இடத்தில் நின்று யோசிக்க வேண்டும்.

குளிர் வேறு, உறைதல் வேறு. தக்காளிச் செடியில் பீட்டெயின் தெளித்தால் குளிரைக் கூடுதலாகத் தாங்குகிறது என்று 2006இல் வந்த ஆய்வு அடிக்கடி காட்டப்படுவது. அங்கே செடியை வைத்தது 3 டிகிரியில். அந்த வெப்பநிலையில் பனிக்கட்டியே உருவாகாது. நம் பள்ளங்களில் தை மாதத்து விடியலில் புல்மேல் வெள்ளையாகப் படிவது பூஜ்யத்துக்குக் கீழே. அந்த நிலையில் பனிக்கட்டி முதலில் இலையில் செல்களுக்கு வெளியே உள்ள இடைவெளியில் உருவாகிறது. உப்பு போட்ட மாங்காய்த் துண்டிலிருந்து தண்ணீர் வெளியேறுவது போல, செல்லுக்குள் இருக்கும் தண்ணீரை அந்தப் பனிக்கட்டி வெளியே இழுக்கிறது. செல் வற்றிச் சுருங்குகிறது, சவ்வு கிழிகிறது. வெயில் ஏறியதும் இலை வெந்தது போலத் தொங்கிக் கறுத்துப்போவது இதனால்தான். செல்லுக்குள் ஏற்கனவே பீட்டெயின் இருந்தால் சவ்வையும் ஒளிச்சேர்க்கைப் புரதங்களையும் ஓரளவு காக்கலாம். பனிக்கட்டி உருவாவதை அது தடுக்காது.

‘உறைநிலையைக் குறைக்கும்’ என்று சிட்டையில் போட்டிருந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ தண்ணீரில் ஒரு மோல், அதாவது 117 கிராம் பீட்டெயின் கரைத்தால் உறைநிலை ஏறத்தாழ 1.86 டிகிரி இறங்கும். தெளிப்பதற்கு லிட்டருக்கு 12 கிராம் போட்டாலே அது தாராளமான அளவு. அப்போது இறங்குவது 0.2 டிகிரிக்கும் குறைவு. அதுவும் இலைமேல் நிற்கும் தண்ணீருக்குத்தான், இலைக்குள் இருக்கும் தண்ணீருக்கு அல்ல. அந்தக் கணக்கில் எந்தச் செடியும் பிழைக்காது.

அடுத்தது செடியின் குணம். மரபணு மாற்றத்தின் மூலம் பீட்டெயின் செய்ய வைத்த அராபிடாப்சிஸ் என்ற சிறு கடுகினச் செடி உப்பையும் குளிரையும் கூடுதலாகத் தாங்கியதை ஜப்பானில் முராட்டாவின் குழு 1997இல் காட்டியது. 2000இல் உறைதலையும் தாங்குவதைக் காட்டினார்கள். ஸ்ட்ராபெர்ரியில் வெளியிலிருந்து தெளித்தும் பலன் கண்டிருக்கிறார்கள். இவை நல்ல ஆய்வுகள், நான் மதிக்கிறேன். ஆனால் இந்த இரண்டு செடிகளும் குளிர்காலம் நெருங்கும்போது தாமாகவே உடம்பைத் தயார்செய்துகொள்ளும் இனங்கள். நாம் போடும் உருளைக்கு அந்தத் திறமை கிடையாது. குளிரில் பழக்கினாலும் மைனஸ் 3 டிகிரி அருகே செத்துவிடும். பீட்டெயினைச் சேர்த்துவைக்கும் செடியும் அல்ல. இன்னொன்றையும் உங்கள் தோட்டத்திலேயே பார்க்கலாம்: முட்டைகோஸ் சொல்லும்படியாகப் பீட்டெயின் சேர்ப்பதில்லை, ஆனாலும் லேசான உறைபனியைத் தாங்கி நிற்கிறது. பீட்ரூட் தாங்குவதற்குப் பீட்டெயின் ஒரு காரணமாக இருக்கலாம். சர்க்கரையும் மற்றவையும் சேர்ந்துதான் தாங்க வைக்கின்றன.

மூன்றாவது, நேரம். இலைமேல் தெளித்த பீட்டெயின் உள்ளே போகிறது, மற்ற பாகங்களுக்கும் நகர்கிறது என்பதைப் பின்லாந்தில் தக்காளியிலும் எண்ணெய்வித்துப் பயிரிலும் காட்டியிருக்கிறார்கள். ஆக உள்ளே போகாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு நேரம் வேண்டும். ‘இன்றைக்குப் பனி விழும் போலிருக்கிறது’ என்று மாலையில் அடிப்பது எனக்கு உடன்பாடில்லாத யோசனை. இலையை நனைத்துவிட்டால் பனிக்கட்டி முதலில் அந்த நீரில்தான் பிடிக்கும், அங்கிருந்து இலைத்துளை வழியாக உள்ளே பரவவும் வாய்ப்புண்டு. காக்கப் போய்க் கெடுத்த கதையாகலாம்.

நான்காவது, டப்பாவில் வேறு என்னென்ன இருக்கிறது என்பது. கடைகளில் வருவது பெரும்பாலும் கடற்பாசிச் சாறு, அமினோ அமிலங்கள், பொட்டாஷ் என்று ஏதாவதோடு கலந்தது. பீட்டெயினிலேயே எடையில் 12 சதவீதம் நைட்ரஜன். அடித்த ஒரு வாரத்தில் இலை பச்சை கூடித் தெரிந்தால் அதற்கு இவற்றில் எது வேண்டுமானாலும் காரணமாக இருக்கலாம். பச்சை கூடியது பனியைத் தாங்கும் என்பதற்குச் சாட்சியாகாது.

ஆகவே உறைபனியைப் பொறுத்தவரை என் முடிவு இது: வறட்சிக்கும் உப்புக்கும் பீட்டெயின் தெளிப்பு உதவலாம் என்பதற்கு ஓரளவு சான்று உண்டு, அங்கும் பயிருக்குப் பயிர் முடிவுகள் மாறுகின்றன. பூஜ்யத்துக்குக் கீழே போகும் இரவில் உருளையைக் காப்பாற்றும் என்று நம்பிப் பணத்தைப் போடுவதற்கு அது போதாது. அந்தப் பணத்தை ஸ்பிரிங்ளருக்குப் போடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் உறையும்போது சுமார் 80 கிலோகலோரி வெப்பத்தை வெளியே விடுகிறது. தண்ணீர் விழுந்து உறைந்துகொண்டே இருக்கும்வரை இலை பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும். நடுவில் நிறுத்தினால் ஆவியாதல் இன்னும் குளிர்வித்துவிடும் என்பதால் வெயில் ஏறி உருகத் தொடங்கும்வரை ஓடவேண்டும். தண்ணீர் இல்லாத இடத்தில் பெரணி இலையும் காய்ந்த புல்லும் போட்டு மூடுவது, நம் ஆட்கள் இளந்தேயிலைக்குச் செய்கிறார்களே அது, இன்றைக்கும் நம்பகமான வழிதான். மேகமும் காற்றும் இல்லாத இரவில் இலை தன் வெப்பத்தை வானத்துக்கு இழக்கிறது. மூடாக்கு அதைத் தடுக்கிறது. ஒரு வெப்பமானியைச் செடியின் உயரத்திலேயே, பள்ளத்தில் வையுங்கள். வீட்டுத் திண்ணையில் 3 டிகிரி காட்டும் இரவில் பாத்தியில் வெள்ளை படிந்திருப்பது நம் பக்கம் புதிதல்ல. எந்தப் போகத்துக்கு எந்த ரகம் என்பதை முத்தொரையில் உள்ள உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. அங்கே எனக்குத் தெரிந்ததைவிட அதிகம் தெரியும்.

வாங்கிப் பார்த்தே தீருவது என்றால் தோட்டம் முழுக்க அடிக்காதீர்கள். மேட்டிலிருந்து பள்ளம்வரை ஓடும் வரிசைகளில் ஒன்றுவிட்டு ஒன்றுக்கு அடியுங்கள். விட்ட வரிசைக்கு வெறும் தண்ணீர். மேட்டுக்கு மருந்தும் பள்ளத்துக்குத் தண்ணீரும் என்று அடித்தால், குளிர்காற்று பள்ளத்தில் தேங்குவதால் தோற்பது பள்ளமாகத்தான் இருக்கும். மருந்து ஜெயித்ததாகத் தோன்றும். பனி விழுவதற்குச் சில நாள் முன்னால் காலையில் அடித்து, கருகிய செடிகளை வரிசைவாரியாக எண்ணி எழுதிவையுங்கள்.

அம்மா விஷயத்துக்கு வருவோம். இங்கே பேசப்படுவது இரண்டாவது வேலை. நாம் சாப்பிடும் புரதத்தில் உள்ள மெத்தியோனைன் என்ற அமினோ அமிலம் உடம்பில் மெத்தில் கொடுத்துவிட்டு ஹோமோசிஸ்டீனாகிறது. அதைத் திரும்ப மெத்தியோனைன் ஆக்க இரண்டு பாதைகள். ஒன்று ஃபோலிக் அமிலமும் பி12ம் சேர்ந்து நடத்துவது, எல்லாத் திசுக்களிலும் நடப்பது. மற்றொன்று பெரும்பாலும் கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் மட்டும்; அதில் மெத்திலைக் கொடுப்பது பீட்டெயின். கொடுத்த பிறகு அது டைமெத்தில்கிளைசீன் ஆகிவிடுகிறது. இது பாடப்புத்தகத்தில் நிலைத்துவிட்ட வேதியியல்.

இதிலிருந்து வந்த உறுதியான மருத்துவப் பயன் ஒன்று உண்டு: ஹோமோசிஸ்டினூரியா என்ற பிறவிக் குறைபாடு. 1962இல் வட அயர்லாந்தில் முதலில் விவரிக்கப்பட்டது. அந்தக் குழந்தைகளுக்குக் கண்வில்லை இடம்பெயரும், இளவயதிலேயே இரத்தம் கட்டும். ஹோமோசிஸ்டீன் லிட்டருக்கு 100 மைக்ரோமோலுக்கு மேலே போகும்; நமக்கெல்லாம் 5 முதல் 15 வரைதான். இதற்குப் பீட்டெயினை அமெரிக்க மருந்து ஆணையம் 1996இல் அங்கீகரித்தது. பெரியவர்களுக்கு வழக்கமான அளவு நாளொன்றுக்கு 6 கிராம். அங்கேயும் மெத்தியோனைன் அளவுக்கு மீறி ஏறி மூளை வீங்கும் அபாயம் இருப்பதால் இரத்தத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள்.

அம்மாவுக்கு இருப்பது அந்த நோய் அல்ல, லேசான ஏற்றம் என்று நினைக்கிறேன். ஆரோக்கியமானவர்களுக்குப் பீட்டெயின் கொடுத்தால் எண் இறங்குகிறது. அளவைப் பொறுத்து சுமார் 10 முதல் 20 சதவீதம். இது உறுதி. எண்ணை இறக்கச் சொல்வது மாரடைப்பைத் தடுக்கலாம் என்ற நம்பிக்கையில்தான். ஆனால் எண் இறங்கினால் மாரடைப்பு குறையுமா? ஃபோலிக் அமிலமும் பி வைட்டமின்களும் கொடுத்து ஹோமோசிஸ்டீனைக் குறைத்த பெரிய ஆய்வுகள் 2004இலும் 2006இலும் வெளிவந்தன. எண் நன்றாகவே இறங்கியது. மாரடைப்பு எதிர்பார்த்தபடி குறையவில்லை. பக்கவாதத்தில் மட்டும் சிறு பலன் இருக்கலாம் என்று இன்றும் விவாதம் நடக்கிறது. பீட்டெயினுக்கு அந்த அளவு ஆய்வுகூட இல்லை. மேலும் நாளுக்கு 6 கிராம் அளவில் கெட்ட கொழுப்பு என்கிறோமே, அந்த எல்டிஎல் சற்று ஏறுவதும் பதிவாகியிருக்கிறது. இதயத்துக்காகக் கொடுக்கும் பொடி அதைச் செய்தால் யோசிக்கத்தானே வேண்டும். கொழுப்புக் கல்லீரலுக்கும் இதைச் சொல்வார்கள். எலிகளில் அழகாக வேலை செய்தது. மனிதர்களுக்கு நாளுக்கு 20 கிராம் ஓராண்டு கொடுத்துப் பார்த்த ஆய்வு 2009இல் வந்தது, எதிர்பார்த்த முன்னேற்றம் தெரியவில்லை.

பீட்ரூட் போதுமா என்றால், மருந்தாக நினைத்தால் போதாது. 100 கிராம் பீட்ரூட்டில் இருப்பது சுமார் 100 முதல் 300 மில்லிகிராம். 6 கிராம் வேண்டுமென்றால் தினமும் இரண்டு முதல் ஆறு கிலோ தின்னவேண்டும். பாலக்கில் இதைவிடக் கூடுதல்; கோதுமைத் தவிட்டில் 100 கிராமுக்கு ஒரு கிராமுக்கு மேல் உண்டு, அதனால் முழுக்கோதுமை மாவுச் சப்பாத்தி நல்ல வழி. தண்ணீரில் கரைவது என்பதால் கீரையையும் பீட்ரூட்டையும் வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். உணவாக இவை நல்லவை, தாராளமாகச் சாப்பிடலாம்.

ஷாம்பூவில் இருப்பது கோகமிடோப்ரோபைல் பீட்டெயின். தேங்காய் எண்ணெயின் கொழுப்பமிலத்தில் பீட்டெயின் போன்ற ஒரு முனையைக் கட்டிச் செய்த நுரைப்பொருள். முனை மட்டும்தான் உறவு. உடம்புக்குள்ளும் செடிக்குள்ளும் மேலே சொன்ன எந்த வேலையும் அது செய்யாது.

ஒரு எச்சரிக்கை. கடையில் பீட்டெயின் என்று கேட்டால் பீட்டெயின் ஹைட்ரோகுளோரைடை எடுத்துக் கொடுத்துவிட வாய்ப்புண்டு. அது வயிற்றில் அமிலத்தைக் கூட்டுவதற்காக விற்கப்படுவது. செரிமானத்துக்கு உதவும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று அமெரிக்காவில் 1993இலேயே மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கும் செரிமான மருந்துகளின் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். வயிற்றுப்புண் உள்ளவர் குடித்தால் நிலைமை மோசமாகும்.

பொடி வாங்குவதற்கு முன்னால் அம்மாவுக்கு பி12, ஃபோலேட், தைராய்டு, சிறுநீரகத்துக்கு கிரியாட்டினின் ஆகிய நாலையும் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். நம்மவர்களில், அதிலும் கறி மீன் சாப்பிடாதவர்களுக்கும் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கும், ஹோமோசிஸ்டீன் ஏறக் காரணம் பெரும்பாலும் பி12 குறைவுதான். அந்தக் குறைவை விட்டுவிட்டுப் பீட்டெயினால் எண்ணை மட்டும் இறக்கினால் அறிக்கை நன்றாகத் தெரியும், கைகால் நரம்புகள் உள்ளே கெட்டுக்கொண்டே இருக்கும். அவருக்குக் காலில் மதமதப்போ எரிச்சலோ இருந்தால் இந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.